80-இல் ஆடும் ஸ்டீயரிங்: பிக்கப் வண்டியின் முன்பக்க அதிர்வை எங்கிருந்து தேடுவது

மணிக்கு 75 கி.மீ. வரை வண்டி ஒழுங்காகப் போகும். 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் நடுங்க ஆரம்பிக்கும். 100-ஐத் தாண்டினால் பாதி அடங்கிவிடும். பிக்கப் ஓட்டுகிறவர்கள் பலருக்கும் இது பழகிய சங்கதி. அடுத்து நடப்பதும் பழகியதுதான். முதலில் வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்குவது), அது சரிப்படவில்லை என்றால் அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரி செய்வது), அப்புறம் இரண்டு புது டயர், அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று, ஸ்டீயரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டேம்பர். ஒவ்வொன்றுக்கும் பணம் போகும். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கொஞ்ச நாள் நன்றாக இருக்கிற மாதிரி இருக்கும். பிறகு பழையபடி.

இப்படிச் சுற்றிச் சுற்றி வர ஒரு காரணம் உண்டு. முன்பக்க அதிர்வில் பெரும்பாலும் இரண்டு பேருக்குப் பங்கு இருக்கும். ஒன்று, ஆட்டுகிற பொருள்: வட்டம் தப்பிய டயர், எடை சரியில்லாத சக்கரம், கனம் ஒரே சீராக இல்லாத பிரேக் டிஸ்க். இன்னொன்று, அந்த ஆட்டத்துக்கு இடம் கொடுக்கிற தளர்ச்சி: தேய்ந்த பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்ப இடம் கொடுக்கும் குமிழ் மூட்டு), ஆடும் டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு), நைந்த புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறை), தளர்ந்த பேரிங். எல்லா ஜாயிண்டும் இறுக்கமாக இருக்கும் வண்டி, சக்கரத்தில் சின்னக் குறை இருந்தாலும் அதை ஓட்டுநரின் கைக்குக் கொண்டுவராமல் தாங்கிக்கொள்ளும். ஜாயிண்ட் தேய்ந்த வண்டியில் அதே சின்னக் குறை பெரிய நடுக்கமாகிவிடும். பேலன்சிங் செய்தவுடன் ஆட்டுகிற பொருள் அடங்குகிறது, ஓட்டுநருக்கு நிம்மதி. ஆனால் தளர்ச்சி அப்படியே இருக்கிறது. டயர் கொஞ்சம் தேய்ந்ததும், ரிம்மில் கொஞ்சம் சேறு ஒட்டியதும் திரும்பவும் நடுக்கம். ஆகவே இரண்டையும் தேட வேண்டும், இரண்டையும் சரி செய்ய வேண்டும். பாகம் வாங்குவதற்கு முன்னால் வண்டியை ஒழுங்காக ஓட்டிப் பார்ப்பதுதான் இதில் முதல் வேலை.

ஏன் குறிப்பாக 80, 90 என்ற வேகத்தில் வருகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 245/70 ஆர்16 அளவு டயர், வண்டியின் எடையைத் தாங்கி உருளும்போது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர் போகும். மணிக்கு 80 கி.மீ. என்றால் நொடிக்கு 22 மீட்டர். அதை 2.3-ஆல் வகுத்தால் சக்கரம் நொடிக்கு 10 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுகிறது. 100 கி.மீ. என்றால் 12 சுற்று. சக்கரத்தில் ஓரிடத்தில் குறை இருந்தால், அது நொடிக்கு 10 முதல் 12 தடவை முன்பக்கத்தைத் தள்ளும். சக்கரம், அது மாட்டப்படும் ஹப், அதை வண்டியோடு இணைக்கும் ஆர்ம், ஸ்டீயரிங் கம்பிகள் எல்லாம் சேர்ந்த அந்த அமைப்புக்கென்று இயல்பான ஓர் ஆட்ட வேகம் உண்டு. பல வண்டிகளில் அது நொடிக்கு 10 முதல் 15 தடவை என்ற எல்லைக்குள்தான் விழுகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் விரலால் தள்ளினாலே போதும், ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். இங்கேயும் அதேதான். தள்ளும் வேகமும் ஆடும் வேகமும் ஒன்று சேரும் இடத்தில் நடுக்கம் உச்சத்துக்குப் போகிறது. அந்த வேகத்தைத் தாண்டினால் குறைகிறது. குறைந்துவிட்டது என்பதற்காகக் குறை நீங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. 110-இல் ஸ்டீயரிங் அமைதியாக இருந்தாலும் சக்கரம் அதைவிடப் பலமாகத்தான் தள்ளிக்கொண்டிருக்கும்.

தள்ளுகிற விசை எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 16 அங்குல ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்தில் அது ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடைக்குச் சமமான விசையாக, நொடிக்கு 12 தடவை திசை மாற்றி மாற்றி இழுக்கிறது. 50 கி.மீ. வேகத்தில் அதில் நான்கில் ஒரு பங்குதான். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஊருக்குள் ஓட்டும்போது தெரியாத குறை பைபாஸில் ஏறியதும் தெரிவது இதனால்தான்.

இந்தக் கணக்கைக் கையில் இருக்கும் போனை வைத்தே பயன்படுத்தலாம். அதிர்வை அளந்து, நொடிக்கு எத்தனை தடவை என்று காட்டும் இலவச ஆப்கள் இருக்கின்றன. போனை டேஷ்போர்டில் நகராதபடி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்க வேண்டும், ஓட்டுகிறவர் பார்க்கக் கூடாது. 80-இல் போகும்போது ஆப்பின் வரைபடத்தில் 10-ஐ ஒட்டி மேடு எழுந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை தள்ளும் குறை: பேலன்சிங், வளைந்த ரிம், ஓரிடத்தில் வீங்கிய டயர். 20-ஐ ஒட்டி எழுந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை தள்ளுகிறது, டயர் நீள்வட்டமாகியிருக்கிறது. 40 பக்கம் எழுந்தால் முன் சக்கரத்தை விட்டுவிட்டு, சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீண்ட ஷாஃப்ட்டைப் பாருங்கள். பின் ஆக்ஸிலின் விகிதம் 4 என்றால் அந்த ஷாஃப்ட் சக்கரத்தைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் சுற்றும். ஆப் இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ஷாஃப்ட் அதிர்வு கைக்கு வராது. இருக்கையிலும் தரையிலும் ரீங்காரம் மாதிரி உணரப்படும்.

ஓட்டிப் பார்ப்பது என்றால் ஒரு சுற்றுப் போய் வருவதல்ல. எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்த வேகத்தில் அடங்குகிறது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா? கையில் என்றால் முன்பக்கம், இருக்கையில் என்றால் பெரும்பாலும் பின்பக்கம். அதே வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடுகிறதா, விட்டால் குறைகிறதா? அப்படி மாறினால் சந்தேகம் சக்கரத்திலிருந்து விலகி, சுழற்சியைக் கடத்தும் பாகங்களுக்குப் போகிறது. உயரம் ஏற்றிய 4x4 வண்டிகளில் முன் ஆக்ஸிலின் உள்பக்க சி.வி. ஜாயிண்ட் (சுழற்சியைக் கோணத்தில் கடத்தும் மூட்டு) கூடுதல் கோணத்தில் வேலை செய்து தேய்வதுண்டு. அதன் அடையாளம் இதுதான். சமதளமான, காலியான சாலையில் 85-இல் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுபோனால் எஞ்சினைச் சந்தேகத்திலிருந்து நீக்கிவிடலாம். நியூட்ரலிலும் அதே நடுக்கம் தொடர்ந்தால் எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இறக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. எஞ்சினை அணைக்கவும் கூடாது, பவர் ஸ்டீயரிங்கும் பிரேக்குக்கான உதவியும் சேர்ந்து போய்விடும். கடைசியாக, காலி வண்டியிலும் சரக்கேற்றிய வண்டியிலும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். பிக்கப்பைப் பொறுத்தவரை இவை இரண்டும் கிட்டத்தட்ட இரண்டு வேறு வண்டிகள்.

சரி, கையில்தான் தெரிகிறது, 80-இல்தான் வருகிறது. இனி சக்கரம்.

பேலன்சிங் மிஷினில் ஏற்றுவதற்கு முன் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். வயலுக்குள்ளும் செங்கல் சூளைக்குள்ளும் போய் வரும் பிக்கப்பில் உள்பக்க ரிம்மில் களிமண் அப்பி, காய்ந்து, கல்லாகியிருக்கும். ஒரு கைப்பிடி மண் 100 கிராமுக்கு மேல் வரும். மேலே சொன்ன 30 கிராம் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கழுவிய பிறகு நடுக்கம் போய்விட்டால் பணம் மிச்சம். பழைய ஒட்டு எடை விழுந்துபோய்ப் பசை மட்டும் சதுரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மிஷினில் செய்யும் பேலன்சிங் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. எடை ஒட்டி, இரண்டு பக்கமும் பூஜ்யம் என்று காட்டிய பிறகு, சக்கரத்தைக் கழற்றி அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி மாட்டிச் சுற்றச் சொல்லுங்கள். அப்போதும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் நல்லது. 20, 30 என்று ஏறினால் சக்கரம் மிஷினின் மையத்தில் சரியாக உட்காரவில்லை, முதலில் செய்த பேலன்சிங்கும் அதே அளவுக்குத் தப்பு. பிக்கப் சக்கரத்தின் நடுத்துளை கார் சக்கரத்தைவிடப் பெரியது. அதை மிஷினின் நடுவில் உட்கார வைக்கும், அதற்கேற்ற கூம்பு (கோன்) இல்லாத கடையில் இது அடிக்கடி நடக்கும். வெளியில் வாங்கிப் போட்ட அலாய் சக்கரத்திலும் இதே தொல்லை வேறு ரூபத்தில் வரும். நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால், நட்டை இறுக்கும்போது சக்கரம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட வாய்ப்பு உண்டு. இடைவெளியை அடைக்கும் வளையம் போட்டால் தீரும்.

பேலன்சிங் சரியாக இருந்தும் டயர் வட்டமாக இல்லாவிட்டால் பயனில்லை. எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கலாம், வடிவம் கோணலாக இருக்கலாம். இதைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயருக்கு முன்னால் இரண்டு செங்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து, முனை டயரின் பட்டன் பகுதிக்கு (சாலையில் படும், வரிகள் உள்ள பகுதி) 2 மி.மீ. தள்ளி நிற்கும்படி செய்யுங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே அந்த இடைவெளியைக் கவனியுங்கள். ஓரிடத்தில் இடைவெளி விரிந்து, இன்னோரிடத்தில் ரப்பர் முனையை உரசினால் டயர் அல்லது ரிம் வட்டம் தப்பியிருக்கிறது. எது என்று தெரிய, முனையை ரிம்மின் விளிம்புக்கு நகர்த்தி அதே மாதிரி சுற்றுங்கள். ரிம் ஒழுங்காக ஓடினால் குற்றம் டயரில். பிறகு முனையைப் பக்கவாட்டில் வைத்து, சக்கரம் இடவலமாக நெளிகிறதா என்றும் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நெளிவது பெரும்பாலும் தொந்தரவு தராது. அதற்கு மேல் போனால் எவ்வளவு பேலன்சிங் செய்தாலும் நடுக்கம் நிற்காது.

இந்தச் சோதனையில் ஓரிடம் மட்டும் திடீரென்று புடைத்திருப்பது தெரிந்தால், அந்த டயரை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கும் எஃகு இழை அடுக்கு ரப்பரை விட்டுப் பிரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதிகச் சுமை, குறைந்த காற்று, வெயிலில் கொதிக்கும் சாலை மூன்றும் சேர்ந்தால் இது சீக்கிரம் வரும். இதற்கென்று தனி அடையாளம் உண்டு: 80-இல் வரும் நடுக்கம் அல்ல, 20-30 கி.மீ. வேகத்திலேயே முன்பக்கம் இடவலமாக மெதுவாக அசையும், வேகம் கூடினால் தடதடக்கும். அப்படி அசையும் வண்டியை நெடுஞ்சாலையில் ஏற்றக் கூடாது. டயர் வெடித்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். டயரின் வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் நிறைய இருக்கிறது என்பது மட்டும் டயர் நல்லது என்பதற்குச் சாட்சி அல்ல.

நீண்ட நாள் ஒரே இடத்தில் நின்ற வண்டியின் டயரில் அடிப்பகுதி தட்டையாகி, முதல் சில கிலோமீட்டர் நடுங்கி, டயர் சூடானதும் சரியாவது தனி விஷயம். அதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை.

எல்லாம் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், முன் சக்கரங்கள் இரண்டையும் பின்னால் மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டுங்கள். நடுக்கம் கையிலிருந்து இருக்கைக்கு நகர்ந்தால் குற்றம் சக்கரத்தில். கையிலேயே இருந்தால் சக்கரத்தை விட்டுவிடுங்கள். செலவில்லாத இந்த ஒரு சோதனை, தேவையில்லாமல் வாங்கும் எத்தனையோ டயர்களை மிச்சப்படுத்தும். இதை முதலிலேயே ஏன் செய்வதில்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பாதை வேறு. பட்டறையில் உடனே “டிஸ்க் வளைஞ்சு போச்சு” என்பார்கள். பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. கனம்தான் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லாமல் போகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு அளவுக்குக் கனம் மாறினாலே காலுக்கும் கைக்கும் தெரியும். ஹப்பின் முகத்தில் துரு இருந்து டிஸ்க் லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடை உரசி உரசித் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டரில் கனம் மாறிவிடும். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு நட்டை அளவுக்கு மீறி இறுக்கி, இன்னொன்றைக் குறைவாக விட்டாலும் இதே கதைதான். புது டிஸ்க் போடும்போது ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் புது டிஸ்கும் அதே வழியில் போகும். பிரேக் பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பர் நகர்வதற்கான பின் இறுகிப்போய் ஒரு பக்கப் பேட் எப்போதும் உரசிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் 10 கி.மீ. ஓட்டிவிட்டு இரண்டு முன் சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் விடை கிடைத்துவிட்டது. பின்னால் டிரம் பிரேக் உள்ள பிக்கப்பில், காலியான சாலையில் 40 கி.மீ. வேகத்தில் கைப்பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மெதுவாக இழுத்துப் பாருங்கள். பின் டிரம் வட்டம் தப்பியிருந்தால் அப்போது வண்டி குலுங்கும். முன் டிஸ்கின்மேல் பழி போட வேண்டியதில்லை.

இனி தளர்ச்சி. என் அனுபவத்தில் அவசரமாக, அரைகுறையாகச் செய்யப்படும் சோதனை இதுதான். சக்கரத்தைத் தூக்கி, ஒரு தடவை உலுக்கி, “ஆட்டம் இல்லண்ணே” என்று இறக்கிவிடுவார்கள்.

முதலில் ஜாக்கியை எங்கே வைப்பது என்பதே முக்கியம். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் மாதிரி முன்னால் மேலொன்று கீழொன்று என இரண்டு ஆர்ம் உள்ள வண்டிகளில், ஸ்பிரிங் கீழ் ஆர்மின்மேல் உட்கார்ந்திருக்கிறது. வண்டியைச் சட்டத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கினால், ஸ்பிரிங் கீழ் ஆர்மை அழுத்தி, பால் ஜாயிண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த ஜாயிண்டும் நல்லது மாதிரி காட்டும். கீழ் ஆர்மின் வெளி முனைக்கு அருகில் தூக்கினால்தான் அந்தப் பிடி விலகி உண்மையான ஆட்டம் தெரியும். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் வண்டிக்கடியில் கை போக வேண்டும்.

சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து உலுக்குங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங், பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின் (சில வண்டிகளில் பால் ஜாயிண்டுக்குப் பதில் சக்கரம் திரும்பும் அச்சாணி). எது என்று பிரிக்க, ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி உலுக்குங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங். மிதித்தும் ஆடினால் ஜாயிண்ட் அல்லது கிங் பின். இடதும் வலதும் பிடித்து உலுக்கும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்ட், அல்லது ஸ்டீயரிங் ராக்கின் (ஸ்டீயரிங் சுழற்சியை இடவல நகர்வாக மாற்றும் பல் கம்பி) உள் ஜாயிண்ட்.

இதில் எல்லாம் தேறினாலும் முடிந்துவிடவில்லை. இரண்டு முன் சக்கரத்தையும் ஒரே தண்டு இணைக்கும் நேர் ஆக்ஸில் உள்ள வண்டிகளிலும், ராக்குக்குப் பதில் ஸ்டீயரிங் பாக்ஸ் (பல்சக்கரப் பெட்டி) உள்ள வண்டிகளிலும் தளர்ச்சி சுமையோடு இருக்கும்போதுதான் வெளியே வரும். வண்டி தரையில் நிற்க, எஞ்சின் ஓட, கைப்பிரேக் போட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடவலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முழுதாகத் திருப்ப வேண்டியதில்லை. இன்னொருவர் முன்னாலிருந்து குனிந்து ஒவ்வொரு ஜாயிண்டாகப் பார்க்க வேண்டும். பார்ப்பதோடு நிற்காமல், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஜாயிண்டின் இரண்டு பக்கமும் படும்படி, நசுங்காத இடத்தில் வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ‘டக்’ விரலுக்குத் தெரியும். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து இறங்கும் கை (டிராப் ஆர்ம்) அசைகிறது, ஆனால் அதோடு சேர்ந்த கம்பி ஒரு கணம் தாமதித்து அசைகிறது என்றால் அந்த ஜாயிண்ட் போய்விட்டது. ஸ்டீயரிங் பாக்ஸே சட்டத்தின்மேல் லேசாக நகர்கிறதா, அதன் போல்ட்டைச் சுற்றித் துரு கலந்த பொடி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பொடி இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று உரசுகின்றன என்பதற்குச் சாட்சி. நேர் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பியான டிராக் பாரின் போல்ட் துளை, பல காலம் ஆடி ஆடி வட்டம் போய் நீளவாக்கில் பெரிதாகியிருக்கும். புஷ் மாற்றியும் சத்தம் தீராத வண்டிகளில் இந்தத் துளையை அவசியம் பார்க்க வேண்டும்.

நேர் ஆக்ஸிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதில் வருவது சாதாரண நடுக்கம் அல்ல. ஒரு பள்ளத்திலோ பாலத்தின் இணைப்பிலோ முன் சக்கரம் இறங்கி ஏறியதும், ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடவலமாகப் படபடவென்று அடிக்கும். வேகத்தைக் குறைக்கும் வரை நிற்காது. அமெரிக்கர்கள் இதை ‘டெத் வாபிள்’ என்கிறார்கள். ஒருமுறை அனுபவித்தவருக்கு அந்தப் பெயர் மிகையாகத் தோன்றாது.

இதன் காரணம் கிட்டத்தட்ட நூறு வருடமாகத் தெரிந்ததுதான். 1920-களில் கார்களுக்கு மெத்தென்ற அகலமான டயரும் முன் சக்கரப் பிரேக்கும் வந்தபோது, அதோடு முன் சக்கரப் படபடப்பும் வந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூலியே 1925-இல் இதை ஆராய்ந்து எழுதினார். வேகமாகச் சுற்றும் சக்கரம் சாய்க்கப்பட்டால், சாய்த்த திசையில் மட்டும் போகாமல் செங்குத்து அச்சில் திரும்பவும் பார்க்கும், பம்பரத்தின் குணம். நேர் ஆக்ஸிலில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் ஆக்ஸில் முழுதும் சாய்கிறது. ஆகவே இரண்டு சக்கரமும் சேர்ந்து சாய்கின்றன, இரண்டும் ஒரே பக்கம் திரும்பப் பார்க்கின்றன. திரும்பிய சக்கரங்கள் ஆக்ஸிலை எதிர்ப்பக்கம் சாய்க்கின்றன. சாய்ந்த ஆக்ஸில் சக்கரங்களை மறுபடி எதிர்ப்பக்கம் திருப்புகிறது. ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு ஆட்டம் தானாகவே ஓடும், வெளியிலிருந்து தள்ள ஆள் வேண்டியதில்லை. 1934-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் முன் சக்கரங்களைத் தனித்தனியாகத் தொங்கவிட்டதற்கு இந்தப் படபடப்பும் ஒரு காரணம். ஒரு சக்கரம் ஏறும்போது மற்றது சாயாவிட்டால் சங்கிலி அறுந்துவிடுகிறது அல்லவா.

காரில் பெரும்பாலும் தீர்ந்த தொல்லை, சுமை தூக்கும் வண்டிகளில் இன்னும் நீடிக்கிறது. டாடா ஏஸ் போன்ற சிறிய சரக்கு வண்டியில் முன்னாலும் ஸ்பிரிங் பட்டையும் நேர் ஆக்ஸிலும்தான். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 4x4 வண்டிகளில் 2005 மாடலிலிருந்து முன்னால் காயில் ஸ்பிரிங்கும் நேர் ஆக்ஸிலும் டிராக் பாரும் இருக்கின்றன. ராம் 2500-லும் நேர் ஆக்ஸில். ஃபோர்டு 2019-இல், 2017 முதல் 2019 வரையிலான எஃப்-250, எஃப்-350 வண்டிகளுக்கு ஸ்டீயரிங் டேம்பரை மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தது. டேம்பர் என்பது ஸ்டீயரிங் கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவில் படுத்திருக்கும் சிறிய ஷாக் அப்சார்பர். அது ஆட்டத்தின் சக்தியை உறிஞ்சும். எல்லா ஜாயிண்டும் நன்றாக இருக்கும் வண்டியில் அது தேவையான பாகம்தான். ஆனால் தேய்ந்த டிராக் பாரை விட்டுவிட்டுப் புது டேம்பர் மட்டும் போடும்போது, படபடப்பு சில மாதம் ஒளிந்திருக்கிறது. அந்தச் சில மாதமும் டிராக் பார் மேலும் தேய்கிறது, டேம்பர் தளரும்போது முன்பைவிடக் கடுமையாகத் திரும்புகிறது. டேம்பர் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அதற்கு முன் டிராக் பாரையும் டை ராட் எண்டையும் எனக்குக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

படபடப்பு சாலையிலேயே வந்துவிட்டால் ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை விட்டு, மெதுவாகப் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து ஓரம் நிறுத்த வேண்டும். வேகத்தைக் கூட்டித் தாண்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. வந்த பிறகு ஜாயிண்டுகளைப் பார்க்காமல் மறுபடி சாலைக்கு வண்டியைக் கொண்டுபோவதும் சரியல்ல. ஒரு தடவை அடித்த அடியிலேயே போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம்.

சுமையும் உயரமும் இதில் சேர்ந்துகொள்கின்றன. ஸ்டீயரிங் திரும்பும் அச்சு நேர் செங்குத்தாக இருக்காது, மேல்முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் காஸ்டர். திருப்பிய சக்கரம் தானாக நேராவது அதனால்தான். பின்னால் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால் வண்டியின் மூக்கு தூக்கி, காஸ்டர் கூடுகிறது. நேர் ஆக்ஸிலில் கூடுதல் காஸ்டர் படபடப்பைத் தூண்டும். முன் சக்கரத்தின்மேல் இருக்கும் எடையும் குறைந்துவிடுகிறது. நம் ஊரில் சுமை தாங்கட்டும் என்று பின்னால் கூடுதல் பட்டை சேர்ப்பது வழக்கம். சுமை இல்லாதபோது பின்பக்கம் தூக்கி நிற்கும், காஸ்டர் குறையும், நேர் சாலையில் வண்டி அலையும், திருப்பினால் ஸ்டீயரிங் ஒழுங்காகத் திரும்பி வராது. பட்டை சேர்த்த வண்டிக்கு அலைன்மெண்ட் பார்க்கும்போது, சக்கரத்தின் உள்வெளிச் சாய்வை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவதுண்டு. காஸ்டர் எண் எவ்வளவு என்று கேட்டு, இரண்டு பக்கமும் குறித்து வாங்கிக்கொள்வது நல்லது.

அலைன்மெண்ட் தவறினால் மட்டும் நடுக்கம் வருவது அபூர்வம். அது டயரைக் கோணலாகத் தேய்க்கும், கோணலாகத் தேய்ந்த டயர் நடுங்கும். டயரின்மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுவென்றும் மறுபக்கம் அரம் மாதிரி சொரசொரவென்றும் இருந்தால் சக்கரங்களின் முன்பக்கம் சேர்ந்தோ விரிந்தோ நிற்கிறது. சுற்றிலும் ஒரே இடைவெளியில் குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போய், சக்கரம் சாலையில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. அப்படித் தேய்ந்த டயர், மூல காரணத்தைச் சரி செய்த பிறகும் நடுங்கிக்கொண்டே இருக்கும். “எல்லாம் மாத்தியாச்சு, இன்னும் போகல” என்ற புலம்பல் பல வண்டிகளில் இங்கிருந்துதான் வருகிறது.

வேலையைச் செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் தளர்ந்த ஜாயிண்ட், புஷ், பேரிங். அதன் பிறகு நல்ல டயரும் பேலன்சிங்கும். கடைசியில் அலைன்மெண்ட். ஆடும் ஜாயிண்டை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் செய்தால், மிஷினிலிருந்து இறங்கும்போதே எண்கள் மாறிவிடும். ரப்பர் புஷ் மாற்றும்போது இன்னொரு விஷயம்: ஆர்ம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சில மாதத்தில் கிழியும். வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு தடவை அமுக்கிவிட்டு, அதன் பிறகு கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். பட்டறையில் பக்கத்தில் நின்று கேட்டுச் செய்ய வைக்க வேண்டிய வேலை இது.

வீல் நட்டைக் குறுக்கும் நெடுக்குமாக, கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள். அப்புறம் முன்பு நடுங்கிய அதே சாலையில், அதே சுமையோடு, அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளையும், புதிதாகப் போட்ட ஒவ்வொரு ஜாயிண்டின் போல்ட்டையும் இன்னொரு தடவை சோதித்துவிடுங்கள். டிராக் பார் மாற்றிய வண்டியாக இருந்தால் அதன் இரண்டு முனைப் போல்ட்டையும் முதலில் பாருங்கள்.